விளிம்பில் மூணு பள்ளம்

மரக்காணம்
8-6-2025

கலைமதி அப்பாவுக்கு,

அமராவதி எழுதுறது. ஜெயிலுக்கு வந்து மனு போட்டுப் பார்க்கமாட்டேன், போன் பண்ணாலும் எடுக்கமாட்டேன்னு அன்னிக்கு கோர்ட்டு வாசல்ல சொன்னேன். அதுல ஒண்ணும் மாத்தமில்ல. இது பேப்பர் வேலைக்காக எழுதுற கடுதாசி.

உங்க வண்டியை வித்துட்டேன். ஒன்றரை வருஷமா வேப்பமரத்தடியில நின்னு கோழி முட்டையிடத்தான் ஆச்சு. வாங்கினவர் பேருக்கு மாத்த உங்க கையெழுத்து வேணும். பாரம் உள்ளே வச்சிருக்கேன். பென்சில்ல பெருக்கல் குறி போட்ட இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க.

அந்தப் பணத்துல ஒரு படகு வாங்கியிருக்கேன். நான் மட்டும் இல்ல, மலர்கொடியும் சேர்ந்து. உங்க கூட்டாளி பாவாடை பொண்டாட்டிதான். அவன் அவளை விட்டுட்டு கேரளாவுக்கு ஓடினதுல இருந்து உப்பளத்துல என் பாத்திக்குப் பக்கத்துப் பாத்தியிலதான் அவளுக்கும் வேலை. ஐப்பசி பொறந்தா உப்பு வேலை நின்னுடும்னு உங்களுக்குத் தெரியும். போன மழைக்கு ரெண்டு பேரும் உப்பங்கழியில இடுப்பளவு தண்ணியில நின்னு கையால இறால் தடவினோம். கால் ரெண்டும் ஊறிப் புண்ணாயிடுச்சு. படகு இருந்தா வலை போடலாம், நண்டுக் கூடை வைக்கலாம்.

கோட்டக்குப்பத்துல ஒரு காயலான் கடையில கிடந்துச்சு. அறுத்து எடைக்குப் போட எடுத்து வச்சிருந்தாங்க. அலுமினியப் படகு, பதினாலு அடி. வெளியே பச்சை பெயிண்ட். அடியில நிறைய ஒட்டு. பின்பக்கப் பலகை மக்கிப்போய் விரலால குத்தினா உள்ளே போவுது. வலது பக்க விளிம்புல வரிசையா மூணு பள்ளம், யாரோ இரும்புக் கம்பியால ஓங்கி அடிச்ச மாதிரி. ஆனா எலும்பு நல்லா இருக்குதுன்னு கடைக்கார பாய் சொன்னாரு. மழைக்குள்ள சரி பண்ணிடுவோம்.

கலைமதி நர்சிங் ரெண்டாம் வருஷம் போயிட்டா. திண்டிவனம் ஹாஸ்டல்லதான் இருக்கா. உங்களைக் கேட்டா.

பாரம் மறக்காதீங்க.

அமராவதி


மத்திய சிறை, கடலூர்
19-6-2025

அன்புள்ள அமராவதிக்கு,

தேவா எழுதிக்கொண்டது. நான் நலம். நீயும் கலைமதியும் நலமாக இருக்க வேண்டும். உன் கையெழுத்தைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கவரைப் பிரிக்காமலே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, ஆபீசில் ஏற்கெனவே பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்று.

பாரத்தில் எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வண்டியை விற்றதில் எனக்கு வருத்தம் இல்லை.

படகு விஷயம்தான் மனசை அறுக்கிறது. அது நமக்கு வேண்டாம். பழைய அலுமினியம் பார்க்க நன்றாக இருக்கும், உள்ளுக்குள் அரித்திருக்கும். இடது பக்கம் பின்சீட்டுக்குக் கீழே உள்ள ஒட்டு என்ன செய்தாலும் ஒழுகும். இரும்பு போல்ட் போட்டால் உப்புத் தண்ணீரில் போல்ட்டைச் சுற்றி அலுமினியம் மாவாக உதிரும். இரண்டு பெண்கள் அதில் போய் ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?

அந்தக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடு. எடைக்கு எடுத்தாலும் பரவாயில்லை. அறுத்துவிடச் சொல். நீ நிற்கும்போதே அறுக்கச் சொல்.

அதை அவருக்கு யார் விற்றார்கள் என்று தெரியுமா? தெரிந்தால் எழுது. சும்மாதான் கேட்கிறேன்.

இப்படிக்கு
தேவா


மரக்காணம்
2-7-2025

கலைமதி அப்பாவுக்கு,

பாரம் வந்துச்சு. நன்றி.

படகை அறுக்கச் சொல்ல நீங்க யாரு? நீங்க உப்பு லாரியில லோடு ஏத்தப் போறேன்னு சொல்லிட்டுப் போய் பாண்டிச்சேரி சரக்கு கடத்தினப்போ என்னைக் கேட்டீங்களா? செக்போஸ்ட்ல பிடிச்ச அன்னிக்கு போலீஸ்காரங்க வந்து அரிசிப் பானையைக் கவுத்துப் பார்த்தப்பதானே எனக்கே தெரியும்.

வேலை நடக்குது. கேளுங்க. ரெண்டு பனைமரத் துண்டு மேல படகை ஏத்தி, உள்ளே குடம் குடமா தண்ணி ஊத்தி ரொப்பினோம். வெளியே எங்கெங்க கசியுதோ அங்கெல்லாம் மலர்கொடி சுண்ணாம்புக்கட்டியால வட்டம் போட்டா. முப்பத்தொம்போது வட்டம். பெருசா கொட்டினது ஒரே இடம். இடது பக்கம், பின்சீட்டுக்குக் கீழே.

நான் உங்களுக்கு எழுதின கடுதாசியில இடதும் எழுதல, பின்சீட்டும் எழுதல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

ஆர்கான் வெல்டிங் வச்சா நல்லா இருக்கும்னாங்க. எங்க கையில முடியாது. அலுமினிய ஜன்னல் செய்யற கடையில வெட்டிப்போட்ட துண்டுத் தகடு சும்மா குடுத்தாங்க. ரிவிட் அடிக்கிற கன்னையும் ஞாயித்துக்கிழமையில மட்டும் இரவல் குடுக்கிறாங்க. லாரி டியூபை வெட்டி நடுவுல வச்சு, மேல தகடு வச்சு, சுத்தி அலுமினிய ரிவிட் அடிக்கிறோம். இரும்பு போல்ட் போடல. அதுல நீங்க சொன்னது நெஜந்தான்னு ஜன்னல் கடைக்காரரும் சொன்னாரு. லோடு ஏத்தறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு மலர்கொடி கேட்டா. 

விளிம்புல இருந்த பள்ளத்தை அவதான் எடுத்தா. உள்பக்கம் மணல் மூட்டையை முட்டுக் குடுத்து மரச்சுத்தியால தட்டித் தட்டி ரெண்டு நேராயிடுச்சு. மூணாவது ஆழம். அசையல.

நேத்து சாயங்காலம் உப்பள ஏஜென்ட் சகாதேவன் இந்தப் பக்கம் புல்லட்ல வந்தாரு. எனக்கும் மலர்கொடிக்கும் கூலி குடுக்கிறவரு. வண்டியை நிறுத்திட்டு படகையே பார்த்தாரு. வணக்கம் சொன்னேன், காதுல விழல. கிட்ட வந்து அந்த மூணாவது பள்ளத்து மேல விரலை வச்சாரு. வச்ச விரலை எடுக்கல.

"இது எங்க வாங்கினது?"

சொன்னேன்.

"எனக்குக் குடுத்துடு. நீ குடுத்ததுக்கு மேல ரெண்டு மடங்கு தர்றேன்."

"எதுக்குங்க ஓட்டைப் படகு உங்களுக்கு?" ன்னு மலர்கொடி சிரிச்சா.

அவர் அவளைப் பார்க்கவே இல்ல. என்னைப் பார்த்துதான் பேசினாரு. யோசிச்சுச் சொல்லுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

கடைக்காரருக்கு யார் வித்தாங்கன்னு கேட்டீங்க. நான் விசாரிக்கல. நீங்க எதுக்குக் கேட்டீங்கன்னு முதல்ல சொல்லுங்க.

அமராவதி


மத்திய சிறை, கடலூர்
12-7-2025

அமராவதிக்கு,

எல்லாப் பழைய படகும் அந்த இடத்தில்தான் ஒழுகும். இஞ்சின் பாரம் அங்கே விழுவதால் அப்படி. இங்கே நாகப்பட்டினத்துக்காரர் ஒருவர் இருக்கிறார், அவர் சொல்லித்தான் எழுதினேன். வேறொன்றும் இல்லை.

சகாதேவன் கேட்டால் கொடுத்துவிடு. பேரம் பேசாதே. ரெண்டு மடங்கு வேண்டாம், போட்டது வந்தால் போதும் என்று சொல். சிரித்த முகமாகக் கொடு. அவரிடம் எதுவும் கேட்காதே.

மலர்கொடியை அந்தப் படகைத் தொட விடாதே.

(இதற்குக் கீழே ரெண்டு வரி எழுதி நானே அடித்துவிட்டேன். ஆபீசில் அடித்தது என்று நினைக்காதே.)

தேவா


மரக்காணம்
27-7-2025

கலைமதி அப்பாவுக்கு,

நீங்க அடிச்ச ரெண்டு வரியை வெயில்ல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தேன். பேனா கிழிச்ச கிழிசலுக்கு பேப்பர்ல ஓட்டைதான் தெரியுது.

படகைக் குடுக்கல. ஏன்னு சொல்றேன். நான் ஒருத்தி மட்டும் வாங்கியிருந்தா பயந்து குடுத்திருப்பேன். மலர்கொடி மாட்டேன்னுட்டா. "ரெண்டரை வருஷமா ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு பேர் எடுத்துட்டேன்க்கா. அரிசிக் கடையில கூட அப்படித்தான் அடையாளம் சொல்றாங்க. படகு வச்சிருக்கிறவள்னு ஒரு பேர் வரட்டும்" னா. 

சகாதேவனுக்கு அப்படியே சொன்னோம். சிரிச்சாரு. சரிம்மான்னாரு. மறுநாள் பாத்திக்குப் போனா மேஸ்திரி வரப்புல நின்னு, "உங்க ரெண்டு பேரையும் இனிமே வர வேணாம்னு ஏஜென்ட் சொல்லிட்டாரு" ங்கிறான். மத்தவங்க எல்லாம் குனிஞ்சு உப்பு வாரிக்கிட்டே இருந்தாங்க, ஒருத்தி தலை தூக்கல. வேற உப்பளத்துலயும் கேட்டுப் பார்த்தோம். எங்கயும் எங்களுக்கு முன்னாடியே சேதி போயிருந்துச்சு.

வியாழக்கிழமை காலையில எழுந்து பார்க்கிறேன், படகு கவுந்து கிடக்குது. அடியில கடப்பாரையால குத்தி பதினோரு ஓட்டை. பதினொண்ணையும் எண்ணிட்டு மலர்கொடி உட்கார்ந்துட்டா. கொஞ்ச நேரத்துல எழுந்து சுண்ணாம்புக்கட்டியை எடுத்தா. ஓட்டையைச் சுத்தி வட்டம் போட்டா. அவ்ளோதான், வேலை மறுபடி ஆரம்பிச்சாச்சு. எட்டு ஓட்டை அடைச்சாச்சு, இன்னும் மூணு இருக்குது. பின்பலகைக்கு இடிஞ்ச வீட்டுக் கதவு ஒண்ணை அறுத்து வச்சிருக்கோம். சீட்டுப் பெட்டிக்குள்ள இருக்கிற பழைய தெர்மாகோல் எல்லாம் தண்ணி குடிச்சு ஊதிக் கிடக்குது. அதை எடுத்துட்டு மீன் பெட்டித் தெர்மாகோல் வைக்கணும். கவுந்தாலும் முழுகாம இருக்க அதுதான் வேணும்னு சொல்றாங்க.

ஒரு ஓட்டைப் படகுக்காக ஒரு மனுஷன் ஏன் இவ்ளோ தூரம் வர்றாரு? மலர்கொடியைத் தொட விடாதேன்னு நீங்க ஏன் எழுதினீங்க? தினமும் அவ அதுலதான் கை வச்சிக்கிட்டு இருக்கா. நான் அவளைப் பார்க்கிறப்ப எல்லாம் உங்க எழுத்துதான் கண்ணுல நிக்குது.

எனக்கு பயமா இருக்குது. சகாதேவனை நினைச்சு இல்ல.

அமராவதி


மத்திய சிறை, கடலூர்
8-8-2025

அமராவதி,

செவ்வாய்க்கிழமை எனக்கு மனு வந்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள். நீதான் வந்துவிட்டாய் என்று நினைத்து முகம் கழுவிக்கொண்டு ஓடினேன். கம்பிக்கு அந்தப் பக்கம் சகாதேவன் நின்றுகொண்டிருந்தார்.

பழம் வாங்கி வந்திருந்தார். நலம் விசாரித்தார். "இன்னும் ஒரு வருஷம்தானே தேவா, கண்ணை மூடித் திறந்தா போயிடும்" என்றார். பிறகு கலைமதியைப் பற்றிப் பேசினார். அவள் ஹாஸ்டல் எந்தத் தெருவில் இருக்கிறது, சனிக்கிழமை எத்தனை மணி பஸ்ஸில் ஊருக்கு வருகிறாள், எல்லாம் சொன்னார். "நல்ல பொண்ணு. தனியா வருது போவுது. பார்த்துக்கணும்" என்றார்.

கலைமதியை சனிக்கிழமை ஊருக்கு வர வேண்டாம் என்று சொல். நீயே திண்டிவனம் போய்ப் பார்.

கேட்டதற்கெல்லாம் நான் பதில் எழுதவில்லை என்று தெரிகிறது. என்னால் முடியவில்லை. படகைக் கொடுத்துவிடு. காலில் விழுந்து கேட்கிறேன்.

தேவா


மரக்காணம்
16-8-2025

தேவாவுக்கு,

பேர் சொல்லித்தான் எழுதுறேன். நீங்கன்னு எழுத இன்னிக்கு கை வரல.

கலைமதியை ஹாஸ்டல்லயே இருக்கச் சொல்லிட்டேன். வார்டனம்மாகிட்ட நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்தேன். அது முடிஞ்சுது. இப்ப மத்ததைக் கேளு.

நேத்து சுதந்திர தினம். ஸ்கூல் மைக்செட்டுல பாட்டு போட்டுக்கிட்டு இருந்தாங்க. நாங்க நடுசீட்டைப் பிரிச்சோம். சீட்டு தகடு முழுக்க ரிவிட் அடிச்சு மூடின பெட்டி. ஒரு ஓரத்துல மட்டும் கை நுழையற சந்து. ரிவிட்டை எல்லாம் உளியால வெட்டி மூடியைத் தூக்கினா, உள்ளே தெர்மாகோல் கறுத்து நாறிக்கிட்டு இருந்துச்சு. மலர்கொடி கை ரெண்டாலயும் அள்ளி அள்ளி வெளியே போட்டா. அதோட ஒரு பிளாஸ்டிக் கவர் வந்துச்சு. வாயை நூலால இறுக்கிக் கட்டினது. தண்ணி போகாம இருக்க படகுல போறவங்க கட்டுவாங்க இல்ல, அப்படி.

உள்ளே ஒரு பட்டன் போன். அதோட பின்மூடியில மாரியம்மன் ஸ்டிக்கர். போன் கூட ரெண்டு அட்டை மாத்திரை, பிரிக்காதது. தைராய்டு மாத்திரை. பாண்டிச்சேரி மெடிக்கல் ஷாப் பில்லு ஒண்ணு நாலா மடிச்சு. எழுத்து மங்கிடுச்சு, தேதி மட்டும் தெரியுது. 24-11-2022.

அந்தத் தேதி எனக்கு ஞாபகம் இல்ல. அவளுக்கு இருக்குது. அன்னிக்குக் காலையில, "உனக்கு மாத்திரை தீர்ந்துடுச்சுல்ல, பாண்டிச்சேரியில வாங்கிட்டு வந்துடறேன்" னு சொல்லிட்டுப் போனான் பாவாடை. அதுதான் அவன் சொன்ன கடைசிப் பேச்சு. மாத்திரைன்னு சொல்லி ஏமாத்திட்டுப் போயிட்டான்னு ரெண்டரை வருஷமா அவ அதைத்தான் சொல்லிச் சொல்லித் திட்டிக்கிட்டு இருந்தா.

அவ அழல. மாத்திரை அட்டையை முந்தானையில துடைச்சா. அப்புறம் படகைச் சுத்தி ஒரு தடவை நடந்தா. அந்த மூணாவது பள்ளத்துக்கிட்ட வந்து நின்னா. மத்த ரெண்டையும் இவளே தட்டி நேராக்கினவ. தன் கையை எடுத்து விளிம்பைப் பிடிச்சுப் பார்த்தா. தண்ணியில இருந்து ஒருத்தன் பிடிச்சா எப்படிப் பிடிப்பானோ அப்படி, வெளிப்பக்கமா நின்னுக்கிட்டு. விரல் சரியா அந்தப் பள்ளத்துல உட்கார்ந்துச்சு.

"அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு இந்தப் படகு ஏற்கெனவே தெரியும், இல்ல?" ன்னு கேட்டா.

நான் தெரியாதுன்னு சொல்லல. 

நீ பாவாடை கூட ஒரே தட்டுல தின்னவன். அவன் ஓடிட்டான்னு ஊருக்கே முதல்ல சொன்னவனும் நீதான். எர்ணாகுளம் பஸ் ஏறினதைப் பார்த்தேன்னு சொன்னே. பஞ்சாயத்துல நின்னு சொன்னே. அவ உன் எதிர்ல நின்னு கேட்டா, அப்பவும் சொன்னே.

எனக்கு விளக்கம் வேணாம். அவளுக்கு பதில் எழுது.

அமராவதி


மத்திய சிறை, கடலூர்
25-8-2025

அமராவதிக்கும் மலர்கொடிக்கும்,

இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன்னால் ஜெயிலர் அய்யாவைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாஜிஸ்ட்ரேட் முன்னால் வாக்குமூலம் கொடுக்க மனு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கலைமதி விஷயத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். ஹாஸ்டல் பக்கம் போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னார். ஆகையால் இதை ஆபீசில் யார் படித்தாலும் படிக்கட்டும்.

மலர்கொடி, பாவாடை கேரளாவுக்குப் போகவில்லை. நான் எந்த பஸ்ஸையும் பார்க்கவில்லை.

அது சகாதேவன் படகு. பாண்டிச்சேரி எல்லையில் இருந்து வேனில் வரும் சரக்கை உப்பங்கழியின் தென்கரையில் ஏற்றி, செக்போஸ்ட்டுக்குப் போகாமல் தண்ணி வழியாகவே மரக்காணம் கொண்டு வருவோம். நான் இஞ்சின் பிடிப்பேன். பாவாடை அந்த ஒரு நாள்தான் வந்தான். பாண்டிச்சேரியில் வழியில் பார்த்து நான்தான் கூப்பிட்டேன். "சும்மா பெட்டி ஏத்தி இறக்கறதுதாண்டா, சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்" என்றேன். அவனுக்கு நீச்சல் தெரியாது. அது எனக்குத் தெரியும்.

மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். நல்ல மழை. அன்று சகாதேவனும் படகில் வந்தார், அளவுக்கு மேல் பெட்டி ஏற்றியிருந்தார். முகத்துவாரம் பக்கம் வந்தபோது காத்து திரும்பி அலை உள்ளே அடித்தது. பின்சீட்டுக்குக் கீழே தண்ணி கொட்ட ஆரம்பித்தது. பாவாடை பிளாஸ்டிக் மக்கால் தண்ணியை அள்ளி ஊத்திக்கொண்டே, பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று கத்தினான். சகாதேவன் போடக்கூடாது என்றார். படகு ஒரு பக்கம் சாய்ந்ததில் அவன் வெளியே விழுந்துவிட்டான்.

விழுந்தவன் வலது பக்க விளிம்பை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவன் பாரத்தில் படகு அந்தப் பக்கமே சாய்ந்து தண்ணி ஏறியது. "கையை எடுடா, எல்லாரும் சாவோம்" என்று சகாதேவன் கத்தினார். அவன் எடுக்கவில்லை. யார் எடுப்பார்கள்? நங்கூரக் கம்பி அவர் காலடியில் கிடந்தது. மூணு தடவை அடித்தார்.

நான் எழுந்து ரெண்டு அடி போயிருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். இஞ்சின் கைப்பிடியை விட்டால் படகு கவிழ்ந்துவிடும் என்று பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷமும் என்னிடம் நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். படகு கவிழ்ந்திருக்காது, மலர்கொடி. எனக்கு இஞ்சின் பிடிக்கத் தெரியும். கவிழ்ந்திருக்காது.

மழைத்தண்ணி முகத்துவாரத்தில் கடலுக்கு இழுத்துக்கொண்டிருந்த நேரம். நாங்கள் தேடவில்லை. பெட்டிகளைக் கரை சேர்த்தோம்.

பஸ் கதையை சகாதேவன் சொல்லிக்கொடுத்தார், நான் சொன்னேன். படகை எடைக்குப் போட்டு அறுத்துவிட்டதாகத்தான் என்னிடம் சொன்னார். பின்னால் செக்போஸ்ட்டில் பிடிபட்டபோது அவர் பேரைச் சொல்லாமல் கேஸை நானே ஏற்றுக்கொண்டதும் இதனால்தான். அவர் என்னைக் காட்டிக்கொடுப்பார் என்று நானும், நான் அவரைக் காட்டிக்கொடுப்பேன் என்று அவரும் ஒருவரை ஒருவர் பயந்துகொண்டே இருந்தோம்.

அமராவதி, நீ இனி எழுதாவிட்டாலும் சரி. கலைமதியிடம் யாரோ சொல்வதற்கு முன்னால் நீ சொல்லிவிடு.

தேவா


மரக்காணம்
21-9-2025

கலைமதி அப்பாவுக்கு,

நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை. அதுக்காக எழுதுறேன்.

உங்க கடுதாசி வர்றதுக்கு ஒரு நாள் முன்னாடி சகாதேவன் மினி லாரியோட வந்துட்டாரு. ரெண்டு ஆளு, கயிறு எல்லாம். பட்டப்பகல், பதினோரு மணி. "புது ஃபைபர் போட்டே வாங்கித் தர்றேன், இதை எடுத்துட்டுப் போறேன்" னாரு. நான் வாசல்ல நின்னு கத்தினேன். மலர்கொடி போய் படகுக்குள்ள நடுசீட்டுல உட்கார்ந்துக்கிட்டா. ரெண்டு கையாலயும் விளிம்பைப் பிடிச்சுக்கிட்டா.

"இறங்குடி" ன்னாரு.

"கையை அடிச்சுப் பாருங்க" ன்னா.

அவருக்கு முகம் மாறிப்போச்சு. அப்பதான் அவளுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குப் புரிஞ்சுது. கூட வந்த ஆளுங்களுக்கு ஒண்ணும் தெரியாது. பொம்பளை உட்கார்ந்திருக்கா, எப்படிண்ணே தூக்கறதுன்னு கயிறைக் கீழே போட்டுட்டாங்க. அதுக்குள்ள உப்பளத்துல இருந்து சாப்பாட்டுக்கு வந்தவங்க பத்துப் பதினஞ்சு பேர் கூடிட்டாங்க. அன்னிக்குத் தலை தூக்காதவங்கதான். சகாதேவன் லாரியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு.

உங்க கடுதாசியை நான்தான் அவளுக்குப் படிச்சுக் காட்டினேன். அவளுக்கு எழுத்து கூட்டித்தான் படிக்க வரும். நடுவுல நான் நிறுத்தினப்ப எல்லாம், "படிங்க" ன்னா. முழுசும் கேட்டா.

நாலு நாள் கழிச்சு டிஎஸ்பி வந்தாங்க. படகை போட்டோ எடுத்து, பள்ளத்தை அளந்து, லாரியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. போன், மாத்திரை, பில்லு எல்லாம் கவர்ல போட்டு அவகிட்ட கையெழுத்து வாங்கினாங்க. படகு எப்ப திரும்ப வரும்னு நான் கேட்டேன். கேஸ் முடியட்டும்மான்னாங்க. ஒரே ஒரு ஓட்டைதான் பாக்கி இருந்துச்சு. சகாதேவனை திருவண்ணாமலையில ஒரு லாட்ஜுல பிடிச்சிருக்காங்க.

கலைமதிகிட்ட சொல்லிட்டேன்.  அப்பா அந்த ரெண்டு அடி ஏன் நடக்கலன்னு கேட்டா. என்னைக் கேட்கிறா.

மலர்கொடி பொட்டை அழிச்சுட்டா. பதினாறாம் நாள் காரியம் பண்ண எந்த நாள்ல இருந்து எண்ணறதுன்னு யாருக்கும் தெரியல. கடுதாசி படிச்ச நாள்ல இருந்து எண்ணச் சொல்லிட்டா. முகத்துவாரத்துல போய் பண்ணினோம். ஊர்ல பாதிப்பேர் வந்தாங்க. ஓடிப்போனவன்னு சொன்ன வாய் எல்லாம் வந்துச்சு. எர்ணாகுளத்து பஸ்ஸை நம்பி நானும் அவளை மனசைத் தேத்திக்கோன்னு சொல்லியிருக்கேன். அதனால நானும் அந்த வாய்ங்கள்ல ஒருத்திதான்.

இன்னமும் என் கூடத்தான் வேலைக்கு வர்றா. சவுக்குத் தோப்புல கட்டை அடுக்குறோம். என்கிட்ட கோவமா இல்ல. உங்களை மன்னிச்சிட்டாளான்னு நான் கேட்கல, அவளும் சொல்லல.

ஆனா நேத்து ஒண்ணு கேட்டா. உங்ககிட்ட கேட்டு எழுதச் சொன்னா. கடுதாசியில சகாதேவன் கத்தினது இருக்குது, பெட்டியைப் போடச் சொல்லி அவன் கத்தினது இருக்குது. தண்ணியில விழுந்ததுக்கு அப்புறம் பாவாடை என்ன சொன்னான்னு இல்ல. விளிம்பைப் பிடிச்சிக்கிட்டு இருந்தப்ப அவன் என்ன சொல்லிக் கூப்பிட்டான்? அதைத் தெரிஞ்சுக்கணும்ங்கிறா.

எனக்காக எதையும் மாத்தி எழுத வேணாம். அவளுக்காகவும் வேணாம்.

அமராவதி


மத்திய சிறை, கடலூர்
30-9-2025

அமராவதி,

அந்தக் கேள்வி வந்துடக்கூடாதுன்னு நான் கும்பிடாத சாமி இல்ல. நாலு நாளு பேனாவை எடுக்கிறதும் வைக்கிறதுமா இருந்தேன். மலர்கொடி பேரைச் சொன்னான்னு எழுதிடலாம்னு கூட நினைச்சேன். அவளுக்கு ஆறுதலா இருக்கும்னு. நீ மாத்தி எழுத வேணாம்னுட்டே.

அவன் சகாதேவனைப் பார்க்கவே இல்ல. கம்பி கையில விழுந்தப்ப கூட அந்தப் பக்கம் திரும்பல. என்னையே பார்த்துக்கிட்டு இருந்தான்.

"தேவா" ன்னு கூப்பிட்டான். ரெண்டு தடவை. முதல் தடவை சத்தமா. ரெண்டாவது தடவை, பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவனைக் கூப்பிடுவோம் இல்ல, அந்த மாதிரி.

தேவா